கீறி முடித்த கற்கள்

நெடுந்தீவில் அந்தக் காலத்தில் சின்னத்தங்கம் என்ற பெயரில் இரண்டு மூன்று பெண்கள் இருந்தார்கள். இவளைக் கல்வீட்டுச் சின்னத்தங்கம் என்பார்கள். வீடு கட்டி முடிவதற்கு வெகுகாலம் முன்பே, அத்திவாரம்கூட வெட்டாத நாளில், யாரோ கேலியாக வைத்த பெயர் அது. அவள் கோபிக்கவில்லை. "பேர் முதல் வந்திட்டுது. வீடு பின்னாலை நடந்து வருகுது" என்று சொல்லிவிட்டு மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். உயரமான பெண். தீவின் ஒரு கரையில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் மறுகரையில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கணவன் சில்வெஸ்ரர் கடலுக்குப் போகிறவன். கலியாணமான மூன்றாம் வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டான். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து அண்ணன் மரியதாசன் வீட்டில் இருந்தாள். மாடுகள் அவளுடையவை. பாலைத் தயிராக்கி, நெய்யாக்கி, படகில் ஊர்காவற்றுறைக்கு அனுப்புவாள். அண்ணனும் நல்லவன், அவன் மனைவி மாக்கிறேற்றும் நல்லவள். அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நித்திரையைத் தவிர.

மரியதாசனுக்கு வருடம் விட்டு வருடம் பிள்ளை பிறந்தது. இரண்டே அறை கொண்ட அந்த மண்வீட்டில், சின்னத்தங்கத்தின் பாயில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது விடிந்த பிறகுதான் தெரியும். ஒருவனுடைய கால் அவள் வயிற்றில் கிடக்கும். ஒருத்தியின் தலை அவள் கையில் கிடக்கும். கடைக்குட்டி அவளுடைய சேலையை நனைத்துவிட்டுச் சுகமாகத் தூங்கும். அடுத்த அறையில் மரியதாசன் விடும் குறட்டைக்கு வெளியே நாய் பதில் சொல்லும். கோழி கூவும் முன்னர் எழும்பிப் பால் கறக்க வேண்டியவள் அவள். அதனால் பகலில் மாடு மேய்க்கும்போது பனையில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாள். ஒருமுறை கோயிலில் பிரசங்கத்தின் நடுவே அவள் விட்ட குறட்டையில் பாதர் பேச்சை நிறுத்திவிட்டு மரியதாசனை முறைத்துப் பார்த்தார். அவன் அன்று முழுவதும் அந்த அநியாயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிறு மத்தியானம் சோறு போட்ட பிறகு அவள் சொன்னாள்.

"அண்ணை, நான் வீடு கட்டப்போறன்."

மரியதாசனுக்குப் புரைக்கேறியது. "ஆருக்கு?"

"எனக்கு."

"ஒரு ஆளுக்கு ஒரு வீடோ?" என்றாள் மாக்கிறேற்.

"ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க ஒரு வீடு காணும் மச்சாள். ரெண்டு வேண்டாம்."

மண்ணால் ஒரு குடில் போட்டுத் தருகிறேன் என்றான் மரியதாசன். அவள் தலையை ஆட்டினாள். "மண்சுவருக்கு மாரிக்கு மாரி மண் அப்பவேணும். நான் மாட்டைப் பாக்கிறதோ சுவரைப் பாக்கிறதோ? கல்லாலைதான் கட்டுவன்."

அவளுடைய தாய் சீதனமாகக் கொடுத்த காணி கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு கிணறும் ஐந்தாறு பனைகளும் அதில் நின்றன. காணிக்கும் கடலுக்கும் நடுவில் கோட்டை. அதை ஒல்லாந்தர் கோட்டை என்று சிலரும், இல்லை, அதற்கு முன் வந்த போர்த்துக்கீசர் கட்டியது என்று சிலரும் வாதிடுவார்கள். கடலில் எடுத்த முருகைக் கல்லால் இரண்டு தட்டாக எழுப்பிய கோட்டை. மேல்தட்டு எப்போதோ விழுந்துவிட்டது. கீழ்த்தட்டில் வளைவு வாசல்களும், யன்னல் இருந்த ஓட்டைகளும், சுவர் வெடிப்பில் முளைத்த எருக்கலையும், ஏராளம் புறாக்களும் இருந்தன. வெயில் ஏறினால் ஆடுகள் அதற்குள் போய்ப் படுக்கும்.

ஊரில் கல் தேவைப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அங்கே போய்த்தான் வந்திருக்கிறார்கள். ஊர்த் தலைவரான விதானையாரின் மாட்டுப்பட்டியைச் சுற்றி நின்ற மதிலிலும் கோட்டைக் கல் இருந்தது. ஆகவே சின்னத்தங்கம் கல் சுமக்கத் தொடங்கிய பிறகு, அந்த வழியாகப் போக நேர்ந்தால் அவர் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

முதலில் தலையில் சுமந்தாள். பிறகு பஸ்ரியாம்பிள்ளை மேசன் தன் வண்டிலைக் கொடுத்தார். வீட்டைக் கட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். கூலி நெய்யும் தயிரும். பஸ்ரியாம்பிள்ளை ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். நேராகக் கட்டுவதில் அவருக்கு ஒரு வெறி. அவர் கட்டின சுவரில் பல்லிக்குக்கூடக் கால் வழுக்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டு, சோளகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கிய நாட்களில், யான்ஸ் துரை மாவிலித்துறையில் வந்து இறங்கினார். ஒல்லாந்தர் வழிவந்த கொழும்புப் பறங்கியர். நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து இளைப்பாறியவர். இளம் வயதில் இந்தத் தீவை அளக்க வந்தபோது கோட்டையைப் பார்த்து மயங்கி, என்றைக்காவது இதைப் பெரிய படமாகக் கீறுவேன் என்று சொல்லிக்கொண்டு போனவர். முப்பது வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய மனைவி, ஒன்றில் போய்க் கீறிவிட்டு வாருங்கள், அல்லது இனி அந்தக் கோட்டையைப் பற்றி இந்த வீட்டில் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். பாய்ச்சீலையில் சுற்றிய பெரிய கன்வஸ், மரப்பெட்டி நிறைய வர்ணம், ஒரு வெள்ளைக் குடை ஆகியவற்றோடு வந்து, கோயிலோடு சேர்ந்த அறையில் தங்கினார்.

அவருக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் அளவைச் சங்கிலி பிடித்த கூலியாட்களிடம் கற்ற தமிழ். மரியாதையாகப் பேசும்போதும் இடையிடையே சில வசைச் சொற்கள் வந்து விழும். அவருக்கு அது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

கடற்கரை மணலில் குடையை நட்டு, முதல் நாள் பென்சிலால் கோட்டையின் உருவத்தைக் கீறினார். அடுத்த நாள் காலை வந்து பார்த்தபோது, இடப்பக்க மூலையில் அவர் கீறியிருந்த மேடு கோட்டையில் இல்லை. கை பிழைத்துவிட்டது என்று நினைத்து அழித்துத் திருத்தினார். அதற்கடுத்த நாள் ஒரு யன்னலின் அடிப்பாகம் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். அறுபது தாண்டியவர், கண் வைத்தியர் சொன்ன எச்சரிக்கை நினைவுக்கு வர, மனம் சோர்ந்து அதையும் அழித்தார். பின்னும் ஒரு நாள் போனதும் ஒரு சுவரே பாதியாய் நின்றது. அன்றுதான் மணலில் வண்டில் தடத்தைக் கண்டார். தன் கண்ணில் பழுதில்லை என்ற சந்தோஷத்தில் முதலில் சிரித்தார். அதன் பிறகுதான் கோபம் வந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சின்னத்தங்கம் தன் காணியில் பெரிய கல் பெரிய கல்லோடும் சின்னது சின்னதோடுமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்று கேட்டார் துரை.

"வீடு."

"வீட்டைக் காணேல்லையே."

"இன்னும் கட்டேல்லை துரை. இது கல்லு."

"கல்லை எங்கை எடுத்தனீர்?"

"கோட்டையிலை."

அவள் ஒளிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் வந்திருந்தார். "அது அரசாங்கத்தின்ரை கோட்டை" என்றார்.

"அரசாங்கம் வந்து அதுக்குள்ளை படுக்கப்போகுதோ? கூரையும் இல்லை. இந்தக் கல்லு கடலுக்கை கிடந்தது. கோட்டை கட்டினவை எங்கடை ஆக்களைக் கொண்டுதான் கரைக்குச் சுமப்பிச்சவை. நான் இன்னும் கொஞ்சத் தூரம் சுமக்கிறன், அவ்வளவுதான்." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்கடை பாட்டன் கட்டினதோ?" என்று கேட்டாள்.

"என்ரை பாட்டன் காலியிலை சப்பாத்துத் தைச்சவர்."

"அப்ப உங்களுக்கும் அதிலை பங்கில்லை. வெயிலுக்கை நிக்காதேங்கோ. இருங்கோ, பால் தாறன்."

அவர் கற்குவியலில் உட்கார்ந்து பாலைக் குடித்தார். நல்ல பால். கோபத்தை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட பாலைக் குடிப்பது கடினம். சின்னத்தங்கம் எதிரே இன்னொரு கல்லில் உட்கார்ந்தாள்.

"கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. யாழ்ப்பாணத்திலை முழுக் கோட்டை ஒண்டு நிக்குது. அதை விட்டிட்டு இந்த இடிஞ்சதை ஏன் கீறுறியள்?"

அந்தக் கேள்வியைத் துரையின் மனைவிகூடக் கேட்டதில்லை. சீமையில் பெரிய ஓவியர்கள் கடலோரத்து இடிந்த கோட்டைகளைத் தேடிப் போய்க் கீறுவதையும், புயல் வானமும் கொந்தளிக்கும் கடலும் நடுவில் ஒரு உடைந்த வாசலுமாக அந்தப் படங்கள் இருப்பதையும், இளம் வயதில் புத்தகத்தில் அவற்றைப் பார்த்து நித்திரை இல்லாமல் கிடந்ததையும் சொன்னார். "முழுக் கோட்டையைப் பாத்தால் பயம் வரும். இடிஞ்சதைப் பாத்தால் அந்தப் பயம் போய் முடிஞ்சுது எண்டு தெரியும். அதிலை ஒரு வடிவு இருக்கு" என்றார்.

"அது மெய்தான்" என்றாள் சின்னத்தங்கம். "உங்களுக்கு அது இடிஞ்சு நிக்கோணும். எனக்கு அது இஞ்சை நிமிந்து நிக்கோணும். கீறி முடிச்ச கல்லு உங்களுக்குப் பிறகும் தேவையோ?"

"கீறி முடிச்சால் தேவையில்லைதான்."

"அப்ப பிரச்சினை இல்லை. எது முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ. அதை மட்டும் எடுக்கிறன்."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே ஒப்பந்தம் ஆகியது. அவர் இடப்பக்கத்திலிருந்து கீறிக்கொண்டு போவார். கீறி முடிந்த கல்லில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுவார். கோடு போட்ட கல்லைத்தான் அவள் தொடலாம். நடுவில் கடலைப் பார்த்து நின்ற பெரிய வளைவு வாசல்தான் படத்தின் உயிர் என்றும், அதைக் கடைசியாகத்தான் கீறுவேன் என்றும் சொன்னார். அவள் சம்மதித்தாள்.

அதன் பிறகு வேலை இரண்டு பக்கமும் நடந்தது. துரை முன்னால் கீறிக்கொண்டு போனார். சின்னத்தங்கம் பின்னால் பெயர்த்துக்கொண்டு வந்தாள். கோட்டை மணலில் குறைந்து கன்வசில் வளர்ந்தது. கடலுக்குப் போய் வருகிறவர்கள், "இண்டைக்கு எந்தச் சுவர் முடிஞ்சுது?" என்று விசாரித்தார்கள். அன்றைய கோடுகளைப் பார்த்துவிட்டுப் பஸ்ரியாம்பிள்ளை வண்டிலைக் கட்டுவார்.

ஆனால் துரை அவசரப்படாமல் ஆறுதலாக வேலை செய்கிறவர். மாரி தொடங்குவதற்குள் சுவர் எழும்பிக் கூரை போட்டுவிட வேண்டும் என்று சின்னத்தங்கத்துக்கு அவசரம். காலையில் பால், பத்து மணிக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். ஒரு நாள் காலையிலிருந்தே அவர் வானத்தையே கீறிக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.

"துரை, முகிலிலை கல்லு வராது. அதைப் பிறகு கீறலாம். சுவரைக் கீறுங்கோ."

"முகில் காயவேணும்."

"அது ஏன் இவ்வளவு கறுப்பாக் கிடக்கு? மேலை பாருங்கோ, ஒரு பொட்டு முகில் இல்லை."

"இடிஞ்ச கோட்டைக்கு மேலை நீல வானம் வைச்சால் ஆக்கள் குளிக்க வந்த மாதிரி இருக்கும்" என்றார் துரை, தூரிகையை எடுக்காமலே.

சின்னத்தங்கம் கொஞ்ச நேரம் படத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஓம், இதுக்குக் கறுப்புத்தான் பொருந்தும்" என்று சொல்லிவிட்டு, "கெதியாக் காயட்டும்" என்றாள்.

இந்தமாதிரிப் படங்களில் கோட்டைக்குக் கீழே ஒரு சின்ன மனித உருவம் நிற்பது வழக்கம் என்று இன்னொரு நாள் துரை சொன்னார். அப்போதுதான் கோட்டை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியுமாம். அவளைக் கீறட்டுமா என்று கேட்டார்.

"என்னையோ? கீறினால் தலையிலை கல்லோடைதான் கீறுவியள். பிறகு அரசாங்கக் கச்சேரிக்காரர் அந்தப் படத்தையே சாட்சியா வைச்சு என்னைப் பிடிப்பினம். வேண்டாம் துரை. சுட்டியைக் கீறுங்கோ. அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை."

சுட்டி என்பது நெற்றியில் வெள்ளை விழுந்த கறுத்தப் பசு. ஒரு கொம்பு வளைந்தது. அவள் சுட்டியைக் கொண்டுவந்து கோட்டைக்குக் கீழே கட்டினாள். சுட்டி அசையாமல் நின்று அசைபோட்டது. நான் கீறின உருவங்களில் இவ்வளவு பொறுமையாக நின்றவர் வேறு ஒருவரும் இல்லை என்று துரை பின்னர் சொல்வார்.

ஐப்பசி பிறந்தது. வளைவு வாசலையும் அதன் இரண்டு பக்கத்துச் சுவரையும் தவிர எல்லாம் படத்தில் ஏறிவிட்டது. சின்னத்தங்கத்தின் காணியில் அத்திவாரம் முடிந்து, சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. நீற்றின சுண்ணாம்பு ஒரு குழி நிறைய இருந்தது. அப்போதுதான் முதல் மழை காற்றோடு வந்தது. பனை ஓலைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து பறந்தன. விடிந்து காற்று அடங்கிய பிறகு துரை குடையும் பிடிக்காமல் கடற்கரைக்கு ஓடினார். சின்னத்தங்கம் மாடுகளைத் தேடிக்கொண்டு அதே பக்கம் வந்தாள்.

வளைவு வாசல் விழுந்து கிடந்தது.

துரை பையிலிருந்து வெண்கட்டியை எடுத்தார், எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாதவர்போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கன்வசில் அந்த இடத்தில் பென்சில் கோடு மட்டும்தான் இருந்தது. வெளிச்சம் எப்படி அந்தக் கல்லில் விழுகிறது என்று பார்க்காமல் அவரால் வர்ணம் பூச ஏலாது.

"இனி எல்லாம் உமக்குத்தான். எடும்" என்று சொல்லிவிட்டு, படகு எப்போது போகும் என்று விசாரிக்கப் போனார்.

சின்னத்தங்கம் குவியலைப் பார்த்தாள். வாசலுக்கென்று தேர்ந்து வெட்டிய பெரிய சதுரக் கற்கள். மூலைக்கும் நிலைக்கும் இப்படிப்பட்ட கல் கிடைக்காதா என்று அவள் நாளும் ஏங்கியவை. பெயர்க்கவே தேவையில்லை, வண்டிலில் ஏற்றினால் போதும். மனதுக்குள் சந்தோஷம் வரத்தான் செய்தது. அது பால் கறக்கும் வரைக்கும் நிற்கவில்லை. கறந்துகொண்டிருக்கும்போது வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற துரையின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. கவனம் சிதறி மடியை இழுத்துவிட்டாள் போலிருக்கிறது, சுட்டி செம்பை உதைத்துக் கவிழ்த்தது. சிந்தின பாலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, எழும்பிப் பஸ்ரியாம்பிள்ளையிடம் போனாள்.

"அண்ணை, அந்த வாசலைத் திருப்பிக் கட்டித் தாங்கோ."

"எந்த வாசலை?"

"கோட்டை வாசலை. துரை கீறி முடியும்வரைக்கும் நிண்டால் காணும்."

"கட்டலாம்" என்றார் மேசன். "வடிவாக் கட்டலாம்."

"வடிவா வேண்டாம். முந்தி நிண்ட மாதிரி. இடிஞ்ச மாதிரி."

பஸ்ரியாம்பிள்ளை கையிலிருந்த சாந்தகப்பையைக் கீழே வைத்தார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் இடிஞ்ச சுவர் கட்டினன் எண்டு கேள்விப்பட்டால் ஊரிலை ஆரும் என்னட்டைக் கோழிக்கூடுகூடக் கட்டுவிப்பினமோ?"

"நேர்ச் சுவர் எல்லாரும் கட்டுவினம் அண்ணை. இடிஞ்ச சுவர் கட்டின ஆள் இந்த உலகத்திலை ஒருத்தரும் இல்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

மேசன் கீழே வைத்த சாந்தகப்பையைத் திரும்ப எடுத்தார். பிறகு, "சாந்து போடாமல் வைக்கமாட்டன். நான் வைச்ச கல்லு விழக்கூடாது" என்றார். சாந்து என்றால் அவளுடைய வீட்டுச் சுண்ணாம்பு. அதைக் கொடுத்தால் மாரிக்கு முன் வீடு முடியாது. இன்னொரு மழைக்காலம் அண்ணன் வீட்டுப் பாயில்தான் கிடக்க வேண்டும். சின்னத்தங்கம் குழியை எட்டிப் பார்த்தாள். "எடுங்கோ" என்றாள்.

துரை அப்போது பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பிக் கட்டின பெட்டியை அவிழ்த்தார்.

அடுத்து நடந்ததைப் பார்க்க ஊரே கடற்கரைக்கு வந்தது. கன்வஸை மணலில் நிறுத்தி, பென்சில் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் துரை சொல்வார், மேசன் வைப்பார். அவருடைய கை பழக்கத்தில் தானாகவே நேராக வைத்துவிடும்.

"அந்தக் கல்லு கொஞ்சம் வெளியிலை தள்ளி நிண்டது" என்பார் துரை.

"தள்ளினால் பாக்க வடிவில்லை."

"வடிவில்லாமல்தான் நிண்டது."

மேசன் பெருமூச்சு விட்டுத் தள்ளி வைப்பார். நேர் பார்க்கும் தூக்குக்குண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்படி சின்னத்தங்கம் மன்றாட வேண்டியிருந்தது. மரியதாசன் சாந்து குழைத்தான். மாக்கிறேற் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினாள். பழைய வெடிப்பில் நின்ற எருக்கலையை அவளுடைய பிள்ளைகள் வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். வளைவின் கடைசிக் கல்லை இறக்கி, சாந்து தெரியாமல் மணலைத் தேய்த்து, எல்லோரும் விலகி நின்று பார்த்தார்கள். இருநூறு வருடமாக விழுந்துகொண்டே இருப்பதுபோல அது நின்றது. ஒரு சோடிப் புறா வந்து மேலே இருந்தது. அன்றைக்கு முதன்முறையாகப் பஸ்ரியாம்பிள்ளை சிரித்தார்.

மழை விட்ட இடைவெளிகளில் துரை வாசலைக் கீறி முடித்தார். படத்தைக் கோயில் விறாந்தையில் வைத்ததும் சனம் நெருக்கியது. கறுத்த வானம், மலைபோல எழும்பிய அலை, அதற்கு முன்னால் தனியே நின்ற பெரிய உடைந்த வாசல், காலடியில் ஒரு சின்னப் பசு.

"கடலுக்கு ஆரிலை கோவம்?" என்று கேட்டாள் மாக்கிறேற்.

"இந்தக் கடலிலை நான் வலை போடன்" என்றார் ஒரு கிழவர்.

சுட்டியை எல்லோரும் கொம்பை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மேல் கல்லு இன்னும் கொஞ்சம் சரிஞ்சிருக்கலாம்" என்றார். சின்னத்தங்கம் படத்துக்குக் கிட்டப் போய் நின்றாள். இத்தனை நாளும் அவள் அதைக் கல்லாகத்தான் பார்த்திருந்தாள்.

துரை போனார். மாரி வந்தது. சின்னத்தங்கம் இன்னொரு மழைக்காலத்தைப் பிள்ளைகளின் கால்களுக்கு நடுவில் கழித்தாள். தையில் புதிதாகச் சுண்ணாம்பு நீற்றி மறுபடி தொடங்கினார்கள். வளைவு வாசலின் கல்லை எடுக்கலாம் என்று அவள் போனபோது பஸ்ரியாம்பிள்ளை வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அதைத் தொடாதை தங்கச்சி. அது என்ரை வேலை" என்றார். அதனால் கல் போதாமல் முட்டுப்பட்டு, சமையலுக்கான குசினியை மட்டும் மண்ணால் வைக்க வேண்டியதாகிவிட்டது. கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அந்த வாசலின் கீழே நின்று ஒல்லாந்தரின் கைத்திறனை மெச்சுவதுண்டு. "ஓம், கெட்டிக்காரர்தான்" என்பார் பஸ்ரியாம்பிள்ளை.

ஆவணியில் வீடு முடிந்தது. ஓர் அறை, ஒரு மண்டபம், முன்னால் விறாந்தை. பாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். அன்றிரவு அவள் உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தாள். மறுநாள் வெயில் பனை உயரம் ஏறியும் கதவு திறக்கவில்லை. பட்டியில் மாடுகள் கத்தின. மாக்கிறேற் வந்து தட்டினாள். பதில் இல்லை. அவள் போட்ட கூச்சலில் மரியதாசன் இரும்பு அலவாங்கோடு ஓடிவந்து, தன் தங்கை இறந்துவிட்டாள் என்று அழுதபடியே புதுக் கதவை உடைத்தான். சின்னத்தங்கம் பாயில் எழும்பி உட்கார்ந்து, "என்ன அண்ணை, விடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டாள். முருகைக் கல் சுவர் அவ்வளவு தடிப்பு. சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை. உடைத்த கதவை மரியதாசன்தான் திருத்திக் கொடுத்தான்.

அடுத்த வருடம் யான்ஸ் துரை மனைவியோடு வந்தார். பருத்த, நன்றாகச் சிரிக்கிற அம்மா. கோட்டைப் படம் கொழும்பில் அவர்கள் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது என்றும், வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பசுவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னாள்; துரை அதைத் தமிழில் சொன்னார். இரண்டு நாள் சின்னத்தங்கத்தின் விறாந்தையில் தங்கி, தயிரும் மீனும் சாப்பிட்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இதையும் கீறுங்கள் என்று மனைவி துரையை நெருக்கினாள்.

"இது நல்லா நிமிந்து நிக்குது. இன்னும் இருநூறு வருசம் போகவேணும்" என்றார் துரை.

"அதுவரைக்கும் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தர எனக்கு ஏலாது" என்றாள் சின்னத்தங்கம். "இப்பவே கீறுங்கோ."

ஒரு பின்னேரத்தில் சின்னக் கடதாசியில் கீறினார். நேரான சுவர், ஓலைக் கூரை, விறாந்தையில் கவிழ்த்து வைத்த பால் செம்பு, மேலே வெறும் நீல வானம். அதைச் சட்டம் போட்டு அவள் மண்டபச் சுவரில் மாட்டினாள். வீட்டுக்குள்ளே அதே வீட்டின் படத்தை ஏன் மாட்டியிருக்கிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை.

"எழும்பி வெளியிலை போய்ப் பாக்கப் பஞ்சியா இருக்கிற நேரம் இருந்தபடியே பாக்கலாம் எண்டு" என்பாள்.